இதயம் நின்ற வீரருக்கு முழுச் சம்பளம்: டமார் ஹாம்லின் விஷயத்தில் எது விதி, எது விதிவிலக்கு?

2023 ஜனவரி 2, திங்கள்கிழமை இரவு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் உள்ள பேகோர் அரங்கத்தில் பஃபலோ பில்ஸ் அணியும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியும் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் இன்னும் 6 நிமிடம் பாக்கி. பெங்கால்ஸ் வீரர் டீ ஹிக்கின்ஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். பில்ஸ் அணியின் தடுப்பு வீரர் டமார் ஹாம்லின் குறுக்கே வந்து அவரை மடக்கிச் சாய்க்கிறார். ஹிக்கின்ஸ் மோதிய வேகம் முழுவதும் ஹாம்லினின் மார்பில் இறங்கியது. ஒரு ஆட்டத்தில் பல டஜன் தடவை நடக்கிற சாதாரண மோதல்தான். ஹாம்லின் உடனே எழுந்து நின்றார். ஓரிரு விநாடிகளில் அப்படியே மல்லாந்து விழுந்தார். வயது 24. இதயம் நின்றுபோயிருந்தது.

அடுத்த சில நாட்கள் அமெரிக்கா முழுவதும் இதே பேச்சுதான். அவர் பிழைத்தார், மீண்டும் விளையாடவும் வந்தார். 'அதிசயம்' என்று எழுதி எழுதி ஊடகங்களுக்கே அலுத்துவிட்டது. ஆனால் அந்த வாரத்தில் இன்னொரு செய்தியும் ஓரமாக வந்து போனது. ஹாம்லினின் சம்பளத்தைக் குறைக்காமல் முழுசாகவே தருவதாக அணி ஒப்புக்கொண்டது என்பதுதான் அது. எல்லாரும் பாராட்டினார்கள். அட, ஆட்டத்தில் அடிபட்டு உயிருக்குப் போராடுகிறவரின் சம்பளத்தைக் குறைக்கிற பேச்சே எதுக்கு வந்தது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், உலகிலேயே அதிகப் பணம் புரளும் விளையாட்டு லீக் தன் வீரர்களை எப்படி வைத்திருக்கிறது என்பது புரியும்.

யார் இந்த ஹாம்லின்?

அமெரிக்கக் கால்பந்து நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஆட்டம். பெயரில்தான் கால், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஒரு அணி பந்தோடு முன்னேறப் பார்க்கும், இன்னொரு அணி தடுக்கும். தாக்கும் அணிக்கும் தடுக்கும் அணிக்கும் வீரர்களே வேறு வேறு ஆட்கள். ஹாம்லின் தடுப்பில் 'சேஃப்டி' என்ற இடத்தில் நிற்பவர். முன்வரிசை எல்லாவற்றையும் தாண்டி எதிராளி வந்துவிட்டால் கடைசியாகக் குறுக்கே விழ வேண்டியவர். முழு வேகத்தில் ஓடி வருபவரை, தானும் முழு வேகத்தில் ஓடிப்போய் நிறுத்துவதுதான் வேலை.

பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் உள்ள மெக்கீஸ் ராக்ஸ் என்ற சிற்றூர்க்காரர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அணியில் ஆடினார். அமெரிக்க தேசிய கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு வருஷா வருஷம் நடக்கும். 2021-இல் அப்படி எடுக்கப்பட்ட 259 பேரில் ஹாம்லின் 212-ஆவது ஆள். ஆறாவது சுற்று. இந்த இடத்தில் எடுக்கப்படுகிறவர்கள் அணியில் நிலைத்தாலே பெரிய விஷயம். முதல் பருவத்தில் அவர் பெரும்பாலும் மாற்று வீரர்தான். இரண்டாவது பருவத்தின் ஆரம்பத்தில் மூத்த வீரர் மைக்கா ஹைடுக்குக் கழுத்தில் அடிபட்டு, பருவம் முழுக்க ஆட முடியாமல் போனது. அந்த இடம் ஹாம்லினுக்கு வந்தது. அதாவது அன்றிரவு அவர் அந்த இடத்தில் நின்றதற்கே இன்னொருவரின் காயம்தான் காரணம். 13 ஆட்டங்களைத் தொடக்க வீரராக ஆடி, 91 முறை எதிராளியை மடக்கியிருந்தார்.

உயிரைக் காப்பாற்றியது எது?

மார்பில் விழும் அடியால் இதயம் நின்றுபோவதை மருத்துவத்தில் 'கொமோஷியோ கார்டிஸ்' என்கிறார்கள். இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருக்க வேண்டியதில்லை, எலும்பு முறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்கு இதயம் மின்னோட்ட ரீதியாகத் தயாராகும் ஒரு இடைவெளி உண்டு. அதிலும் சுமார் 20 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான் ஆபத்தானது. சரியாக அந்த நேரத்தில், சரியாக இதயத்துக்கு மேலே அடி விழுந்தால் துடிப்பு குழம்பி, இதயம் வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். ரத்தம் ஓடாது. வழக்கமாக இது நடப்பது பேஸ்பால், லக்ராஸ், ஐஸ் ஹாக்கி போல கெட்டியான சின்னப் பொருள் பறக்கும் ஆட்டங்களில். பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பதின்வயதுப் பையன்கள்.

இந்த நிலையில் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கும். ஹாம்லின் விழுந்த உடனேயே பில்ஸ் அணியின் உடல்நலப் பணியாளர்களில் ஒருவரான டென்னி கெலிங்டன் மார்பை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவியை ஆரம்பித்துவிட்டார். ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியை மைதானத்திலேயே பயன்படுத்தி இதயத் துடிப்பை மீட்டார்கள். சக வீரர்கள் சுற்றி நின்று கேமராக்களை மறைத்தார்கள். பலர் அழுதுகொண்டிருந்தார்கள். பிறகு ஆம்புலன்ஸில் சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து நினைவு திரும்பியபோது, தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாமல், ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று எழுதிக் கேட்டார் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். விழுந்த ஒன்பதாம் நாள், ஜனவரி 11 அன்று, பஃபலோ நகர மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார்.

இதில் லீகுக்கு உரிய பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏறக்குறைய 30 மருத்துவப் பணியாளர்கள் அரங்கத்தில் இருப்பார்கள். சுவாசக் குழாய் பொருத்தத் தெரிந்த மருத்துவர் அதில் ஒருவர். எந்த ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், எந்த மருத்துவமனைக்குப் போகும் என்று ஆட்டத்துக்கு முன்பே இரு அணி மருத்துவர்களும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்வார்கள். ஹாம்லின் பிழைத்தது அதிர்ஷ்டத்தால் மட்டுமல்ல. யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால். அதே அடி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஹாம்லினுக்கும் தெரியும். அதனால்தான் பள்ளிகளில் ஏ.இ.டி. கருவி வைக்க நிதி தரும் மசோதாவுக்கு ஆதரவு கேட்டு அவர் 2023 மார்ச்சில் வாஷிங்டன் போய் நின்றார்.

ஆட்டத்தை நிறுத்தியது யார்?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1971 அக்டோபர் 24 அன்று டெட்ராய்ட் லயன்ஸ் அணி வீரர் சக் ஹியூஸ் மாரடைப்பால் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஆட்டம் தொடர்ந்து நடந்து முடிந்தது. அவர் இறந்துபோனார். என்.எஃப்.எல். ஆட்டத்தின்போது மைதானத்தில் விழுந்து இறந்த ஒரே வீரர் அவர்தான். 2021 ஜூனில் யூரோ கோப்பையில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தது நம்மில் பலரும் பார்த்தது. அவர் பிழைத்தார், ஆனால் பின்லாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தை அன்று மாலையே மறுபடி ஆட வைத்தார்கள்.

சின்சினாட்டியில் அப்படி நடக்கவில்லை. வீரர்கள் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு மீண்டும் ஆடுவார்கள் என்று தொலைக்காட்சி நேரலையில் அறிவிப்பு வந்தது. அப்படி யாரும் உத்தரவிடவில்லை என்று லீக் பிறகு மறுத்தது. எது எப்படியோ, கண்ணால் பார்த்தது இதுதான்: பில்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட்டும் பெங்கால்ஸ் பயிற்சியாளர் ஜாக் டெய்லரும் நடுவரோடு பேசினார்கள், வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து மொத்தமாகவே ரத்து ஆனது. மருத்துவ உதவிக்கு இருந்த அளவுக்குத் தெளிவான ஏற்பாடு, 'ஒருத்தர் உயிர் ஊசலாடும்போது ஆட்டத்தை என்ன செய்வது' என்பதற்கு இல்லை. அதை முடிவு செய்தது மைதானத்தில் இருந்த மனிதர்கள்.

சம்பளம் விஷயத்திலும் இதே கதைதான்.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

அமெரிக்காவின் கூடைப்பந்து, பேஸ்பால் லீகுகளில் ஒரு வீரர் ஒப்பந்தம் போட்டால், அடிபட்டாலும் ஃபார்ம் போனாலும் பெரும்பாலும் முழுத் தொகை வந்துவிடும். என்.எஃப்.எல்.-இல் அப்படி இல்லை. நான்கு ஆண்டு ஒப்பந்தம் என்று செய்தி வரும். அதில் எவ்வளவு பணம் 'உறுதி' என்பதுதான் உண்மையான எண். மீதியெல்லாம் அணி உங்களை அடுத்த வருஷமும் வைத்துக்கொண்டால் கிடைக்கும். இல்லையென்றால் இல்லை. உச்ச நட்சத்திரங்கள் தங்கள் தொகையில் பெரும்பகுதியை உறுதியாக்கிக்கொள்வார்கள். 212-ஆவது ஆளுக்குப் பேரம் பேச என்ன இருக்கிறது?

ஹாம்லினின் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு சுமார் 36 லட்சம் டாலர். 2022 பருவத்துக்கு அடிப்படைச் சம்பளம் 8,25,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி ரூபாய். ஆனால் அதில் ஒரு பிரிவு இருந்தது. கீழ்ச் சுற்றுகளில் எடுக்கப்படுகிறவர்களின் ஒப்பந்தத்தில் வழக்கமாக இருப்பதுதான். வீரர் காயம்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டால், அன்றிலிருந்து அவர் சம்பளம் ஆண்டுக்கு 4,55,000 டாலர் என்ற விகிதத்துக்கு இறங்கிவிடும். கிட்டத்தட்டப் பாதி. ஜனவரி 6 அன்று பில்ஸ் அணி ஹாம்லினை அந்தப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்காமலும் இருக்க முடியாது. அணியில் காலி இடம் வேண்டுமே. அப்போதுதான் அணி, லீக், வீரர்கள் சங்கம் மூன்றும் பேசி, குறைக்காமல் முழுச் சம்பளம் தருவதென்று முடிவானது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சம்பளம் 18 வாரங்களுக்குக் கணக்கிடப்படும். இரண்டு விகிதங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 3,70,000 டாலர். வாரத்துக்குச் சுமார் 20,500 டாலர். பட்டியலில் சேர்க்கப்பட்டபோது வழக்கமான பருவத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாரம். அவ்வளவுதான். நாடே பாராட்டிய அந்தச் சலுகையின் விலை, இந்தக் கணக்குப்படி, ஏறத்தாழ 20 ஆயிரம் டாலர். அதே லீக் 2021 மார்ச்சில் தொலைக்காட்சி நிறுவனங்களோடு 11 ஆண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தங்களின் மதிப்பு 10,000 கோடி டாலருக்கு மேல்.

பில்ஸ் அணி செய்தது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. நல்லதைத்தான் செய்தார்கள். ஆனால் விதியை மாற்றிச் செய்யவில்லை, அந்த ஒருவருக்கு விலக்கு கொடுத்துச் செய்தார்கள். தேசமே பார்த்துக்கொண்டிருந்த திங்கள் இரவில் ஹாம்லின் விழுந்தார். அக்டோபர் மாதத்தில், யாரும் பெரிதாகப் பார்க்காத ஒரு ஆட்டத்தில், முழங்கால் கிழிந்து விழுகிற 212-ஆவது ஆள் யாரோ ஒருத்தருக்கு அந்தப் பிரிவு அப்படியே பாயும். அவருக்கு ஒரு வாரம் அல்ல, பத்துப் பன்னிரண்டு வாரச் சம்பளம் பாதியாகும். அதற்காக யாரும் கூட்டம் போட்டுப் பேசப்போவதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. என்.எஃப்.எல். ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற மூன்று பருவங்கள் கணக்கில் சேர வேண்டும். ஆட்டத்தை விட்ட பிறகு ஐந்தாண்டு மருத்துவக் காப்பீடு கிடைக்கவும் அதேதான் வரம்பு. ஹாம்லின் விழுந்தது இரண்டாவது பருவத்தின் கடைசியில். மருத்துவர்கள் 'இனி ஆடவே கூடாது' என்று சொல்லியிருந்தால், ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்த இரண்டு ஆண்டுச் சம்பளமும் உறுதியில்லை, ஓய்வூதியமும் இல்லை. ஊனமுற்றோருக்கான உதவித்தொகைத் திட்டம் ஒன்று தனியாக உண்டு. ஆனால் அதில் பணம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. தகுதியானவர்களுக்கும் மறுக்கிறார்கள் என்று குற்றம்சாட்டி 10 முன்னாள் வீரர்கள் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அது 2023 பிப்ரவரியில், ஹாம்லின் விழுந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரத்தில்.

ஒரு வீரர் என்.எஃப்.எல்.-இல் நீடிக்கும் காலம் சராசரியாக 3.3 ஆண்டுதான் என்று வீரர்கள் சங்கம் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறது. மூன்று பருவம் என்ற வரம்போடு சேர்த்துப் பார்த்தால், அந்தக் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது தெரியும்.

அதே மைதானம், இன்னொரு வீரர்

இந்தக் கோட்டின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்பதற்கும் அதே அரங்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2017 டிசம்பர் 4, அதுவும் ஒரு திங்கள் இரவு ஆட்டம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் தடுப்பு வீரர் ரயன் ஷேசியர், பெங்கால்ஸ் வீரர் ஒருவரை மடக்கப் பாய்ந்தபோது முதுகுத் தண்டில் அடிபட்டது. கால்களை அசைக்க முடியவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு ஆட்டம் தொடர்ந்து நடந்தது. ஷேசியர் பல மாதம் பயிற்சி எடுத்து மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டார். திரும்ப விளையாட முடியவில்லை. 2020-இல் ஓய்வு பெற்றார்.

ஆனால் அவர் 2014-இல் முதல் சுற்றில், 15-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். முதல் சுற்று வீரர்களுக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டை அணி முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் வசதி உண்டு. அப்படிச் செய்துவிட்டால், காயம்பட்டாலும் அந்த ஆண்டுச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஸ்டீலர்ஸ் அதைச் செய்திருந்தது. அதனால் 2018-இல் ஒரு ஆட்டம்கூட ஆடாத ஷேசியருக்குச் சுமார் 87 லட்சம் டாலர் வந்தது. யாரும் கருணை காட்டத் தேவைப்படவில்லை, காகிதத்தில் இருந்தது. தடுப்பு வீரர்கள் இரண்டு பேரும் தாங்கிக்கொள்ளும் ஆபத்து ஒன்றுதான். 15-க்கும் 212-க்கும் இடையில் பாதுகாப்பு மட்டும் மாறுகிறது.

ஹாம்லினுக்கு ரசிகர்கள் கொட்டிய பணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்க 2020-இல் அவர் இணையத்தில் நிதி திரட்ட ஆரம்பித்திருந்தார். இலக்கு 2,500 டாலர். அவர் மயங்கிக் கிடந்த நாட்களில் அதில் 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மக்கள் மனசு எவ்வளவு பெரிது என்பதற்கு அது சாட்சிதான். ஆனால் அது அறக்கட்டளைக்குப் போன பணம், அவருடைய வருமானம் அல்ல.

திரும்பி வந்த பிறகு?

2023 ஏப்ரலில் ஹாம்லின் ஆடலாம் என்று அனுமதி கிடைத்தது. மூன்று வல்லுநர்களைப் பார்த்ததாகவும், மூவரும் ஒரே முடிவைச் சொன்னதாகவும் அணி தெரிவித்தது. இதயத்தில் நிரந்தரக் கோளாறு எதுவும் இல்லை என்பதால், எரிக்சனுக்கு வைத்ததுபோல உடலுக்குள் கருவி எதுவும் பொருத்த வேண்டியிருக்கவில்லை. அந்தப் பருவத்தில் ஐந்து ஆட்டங்களில்தான் இறங்கினார். காயத்திலிருந்து குணமான மைக்கா ஹைட் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தார். ஹாம்லின் பல வாரம் வெளியே உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் அது மூன்றாவது பருவம். ஓய்வூதியக் கணக்கில் அவர் கோட்டைத் தாண்டியது அப்போதுதான்.

மீண்டு வந்த சிறந்த வீரருக்கான விருது அவருக்குத்தான் என்று பலரும் நினைத்தார்கள். முதலிடத்துக்கான வாக்குகள் ஹாம்லினுக்கு 21, கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ஜோ ஃபிளாக்கோவுக்கு 13. ஆனால் மொத்தப் புள்ளிகளில் ஃபிளாக்கோ 151-140 என்று முந்திவிட்டார். பிறகு அந்த விருதுக்கான விளக்கத்தையே மாற்றி, நோய், காயம் போன்ற சோதனைகளைத் தாண்டி வருவதுதான் முக்கியம் என்று தெளிவுபடுத்தினார்கள். விருதின் விதியை மாற்ற ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கவனியுங்கள்.

2024-இல் முழுநேரத் தொடக்க வீரரானார். 14 ஆட்டங்கள். எதிரணி வீசிய பந்தை நடுவில் பறிப்பதுதான் சேஃப்டிக்குப் பெரிய கௌரவம். தன் வாழ்க்கையில் முதல்முறையாக அதையும் அந்தப் பருவத்தில்தான் செய்தார், இரண்டு முறை. அதோடு அந்த நான்கு ஆண்டு ஒப்பந்தம் முடிந்தது. 2025-இல் பில்ஸ் அணி அவரை மறுபடி எடுத்துக்கொண்டது. ஓராண்டுக்கு.

அந்தச் சம்பளக் குறைப்புப் பிரிவும், மூன்று பருவ வரம்பும் லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2020 மார்ச்சில் கையெழுத்தான பொது ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. வீரர்களே வாக்களித்து ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம்தான். ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. வெறும் 60 வாக்கு வித்தியாசம். ஹாம்லின் அப்போது கல்லூரி மாணவர். அது 2030 பருவம் வரைக்கும் செல்லும்.